எந்தக் கை

மாதனூரில் ஹெப்சி ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறியதுமே, கூட வேலை செய்யும் ஃபிர்தௌஸ் போனை நீட்டினாள். "ஹெப்சி, இத்தப் பாரேன்." வீடியோவில், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒருத்தன் கையில் மாவுக்கட்டோடு, இனிமேல் தப்பு செய்ய மாட்டேன் என்று கும்பிட முடியாமல் கும்பிட்டுக்கொண்டிருந்தான். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டானாம்.

"அந்த பாத்ரூம்ல அப்பிடி இன்னாதான் ஊத்தி வெச்சிருக்காங்களோ!" என்றாள் ஹெப்சி. பஸ்ஸே சிரித்தது. அவன் என்ன செய்தான் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது, சிரிப்பல்லவா முக்கியம்!

அது சனிக்கிழமை. ஞாயிறு சாயங்காலம் கறி வாங்கப் போன அவள் புருஷன் எலியாஸ் திரும்பி வரவில்லை. பக்கத்துக் கடைக்காரர்தான் ஓடிவந்து விஷயத்தைச் சொன்னார். எலியாஸ் ஹெல்மெட் போடவில்லை, தப்புதான். போலீஸ்காரர் வண்டிச் சாவியைப் பிடுங்கியதும், "ஃபைன் போடுங்க சார், சாவிய எதுக்குப் புடுங்குறீங்க?" என்று கேட்டிருக்கிறான். ஹெல்மெட்டைவிடப் பெரிய தப்பு அது. ஸ்டேஷனுக்கு இழுத்துப் போய்விட்டார்கள்.

ஹெப்சி போட்டது போட்டபடி ஓடினாள். உள்ளே எலியாஸ் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டைப் பொத்தான் பிய்ந்திருந்தது, மற்றபடி முழுசாக இருந்தான். அப்பாடா என்று அவளுக்கு மூச்சு வந்தது. எஸ்.ஐ. கத்துவார் என்று பயந்து வந்தவளுக்கு அவர் நாற்காலியைக் காட்டினார்.

"ஒக்காரும்மா. வீட்டுக்காரரு இன்னா வேல பண்றாரு?"

"ஷூ கம்பெனில, சார். கட்டிங் செக்‌ஷன்ல தோல் வெட்டுறாரு."

"ஓ, கத்தி புடிக்கிற வேலையா. எந்தக் கையில?"

மனுஷனுக்கு மனசு இறங்குகிறது என்றுதான் நினைத்தாள் பாவி.

"சோத்தாங்கைதான் சார். நானு, எங்க பொண்ணு, எல்லாரும் அந்தக் கைய நம்பித்தான் சார் இருக்கோம். பாத்துச் செய்யுங்க சார்."

"சோத்தாங்கை," என்று எஸ்.ஐ. தலையாட்டினார். "சரி, நீ வீட்டுக்குப் போம்மா. காலைல கோர்ட்டுல பாத்துக்கலாம்."

எலியாஸ் அந்தக் கையை மட்டும் மெல்ல மடிக்குள் இழுத்துக்கொண்டான். அதை அவள் பார்த்தாள். பார்த்தும் கிளம்பி வந்தாள்.

மறுநாள் கோர்ட்டுக்குப் புறப்படும் நேரம், பஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியவள் ஃபிர்தௌஸ். கீழே வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள். ஹெப்சி முதலில் மாவுக்கட்டைத்தான் பார்த்தாள், எல்லாரையும் போல. பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் ஃபிர்தௌஸும் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது, வீடியோ மறைந்துவிட்டது. அவள் போன் மேல் போன் போட்டாள். ஹெப்சி எடுக்கவில்லை. ஐயோ, என் வாயால நானேதான சொன்னேன் என்று வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் அம்மா மாவுக்கட்டைப் பார்த்தார். "கையில என்ன?"

எலியாஸ் பக்கத்தில் நின்ற எஸ்.ஐ.யை ஒருதரம் பார்த்தான். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேம்மா."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். எழுதிவிட்டால் தீர்ந்தது கதை.

"அவரு விழலம்மா!" என்று கத்தினாள் ஹெப்சி. "எந்தக் கையில வேல செய்வாருன்னு நேத்து இந்த சார் எங்கிட்ட கேட்டாரும்மா. நான்தான் சோத்தாங்கைன்னு சொன்னேன். இன்னிக்கு அதே கைதான் ஒடஞ்சிருக்குது!"

பேனா நின்றது. மாஜிஸ்திரேட் எலியாஸிடம் மறுபடியும் கேட்டார். அவன் அழுதான். டாக்டர் பரிசோதித்து அறிக்கை தரவேண்டும், எஸ்.ஐ. எழுத்தில் விளக்கம் தரவேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டு அவர் அடுத்த கேஸைக் கூப்பிட்டார்.

ஹெப்சி வராந்தாவுக்கு வந்தாள். பின்னாலேயே எஸ்.ஐ. வந்து நின்றார். முகத்தில் கோபமே இல்லை. நேற்றைய அதே தன்மையான குரல்.

"நீயும் கம்பெனிலதானம்மா வேல செய்யுற? தையலா?"

அவள் விலகி நடக்கப் பார்த்தாள்.

"தையலுக்கு எந்தக் கைம்மா?"

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். காதில் விழுந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஹெப்சி தன்னை அறியாமல் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். எலியாஸ் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நேற்று அதைப் பார்த்துவிட்டும் வீட்டுக்கு வந்தவள்தானே அவள்.

கைகளை வெளியே எடுத்தாள். திரும்பிப் போய் கோர்ட் கதவைத் தள்ளினாள். உள்ளே வேறு ஏதோ கேஸ் நடந்துகொண்டிருந்தது.

"அம்மா," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி. "இப்ப என்னையும் கேக்குறாரும்மா."