எழுபத்தேழு மில்லிமீட்டர்

அவன் ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். கேமராவின் இரண்டு பேட்டரிகளையும் சார்ஜரில் போட்டான். பால் காய்ச்சினான். மாமியாருக்கு ஒரு டம்ளர், தனக்கு ஒன்று. அதற்குள் சார்ஜரில் பச்சை விளக்கு வந்துவிட்டது. பேட்டரிகளைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

நேற்றும் அப்படித்தான் சீக்கிரம் வந்தது. முந்தாநாளும். தீர்ந்தால்தானே ஏறுவதற்கு. கேமராவை யாரும் தொட்டு இருபத்திமூன்று நாள் ஆகிறது. காலையில் பேட்டரி போடுவது அவன் வேலை என்று கல்யாணமான புதிதில் மனைவி பிரித்துக் கொடுத்திருந்தாள். கை அதுபாட்டுக்குச் செய்துகொண்டிருந்தது.

"மாப்பிள்ளை," என்றாள் மாமியார், டம்ளரைக் கையில் வைத்தபடி. "அன்னிக்கு போன்ல கடைசியா என்ன சொன்னா?"

தினமும் கேட்பதுதான்.

"உங்கள நல்லா பாத்துக்கச் சொன்னா, அத்தை."

அந்தம்மாள் தலையாட்டினாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. அவள் மகள் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

கடைகளின் கண்ணாடி முகப்பை விளம்பரத்துக்குப் படம் எடுப்பது அவள் தொழில். இரண்டு மாதம் அலைந்து ஒரு ஜூம் லென்ஸைத் தேர்ந்தெடுத்தாள். பதினாறிலிருந்து ஐம்பத்தைந்து வரை போகும். 'குறுகலான தெருவில முழுக் கடையும் அடங்கும், உள்ள இருக்கிற ஒரு செருப்பும் கிட்ட வரும், நடுவுல லென்ஸ் மாத்திட்டு நிக்க வேண்டாம்' என்று ஒரு வாரம் அதே பேச்சு. அதற்கு ஒரு போலரைசர் ஃபில்டர் வேண்டும். கண்ணாடியில் விழும் பிம்பங்களைத் துடைத்தெடுக்கிற ஃபில்டர். அதை நான் வாங்கித் தருகிறேன் என்று அவன் முந்திக்கொண்டான். லென்ஸின் மேல் 16–55 என்று இருந்தது. கடையில் போய் ஐம்பத்தைந்து மில்லிமீட்டர் ஃபில்டர் கேட்டான்.

அந்த எண் லென்ஸ் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு. வாயின் அகலத்துக்கு வேறு எண். அவனோ அளவுக் கருவிகளைச் சோதித்து முத்திரை வைக்கிற ஆள். தராசும் அளவுகோலும் அவன் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது.

அதை மாற்றிக்கொண்டு வரத்தான் அவள் வண்டியை எடுத்தாள். லென்ஸ் கடைக்கு இரண்டு தெரு முன்னால் லாரி. போலீஸ் திருப்பிக் கொடுத்த பையில் கேமராவில் ஒரு கீறல்கூட இல்லை. ஃபில்டர் டப்பா பில்லோடு இருந்தது.

இன்று பால் குடித்ததும் அவன் ஒரு பேட்டரியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு லென்ஸ் கடைக்குப் போனான். அந்த டப்பா வீட்டில் இருக்கக் கூடாது. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கடைக்காரர் டப்பாவைப் பார்த்ததும் சிரித்தார். "வாங்க சார். அம்பத்தஞ்சு கேட்டீங்க பாருங்க, அப்பவே நினைச்சேன். மேடம் நல்லா காய்ச்சி எடுத்தாங்களா?"

"ம்."

"மேடம் வரலியா?"

"வரல."

"அவங்க வந்தா எனக்குப் பாதி நாள் போயிடும். இருக்கிற ஜூமெல்லாம் இறக்கி வெச்சு, ஒவ்வொண்ணுலயும் எங்க கடைத் தூசியப் படம் எடுத்துக் காட்டுவாங்க." பேசிக்கொண்டே கேமராவில் பேட்டரியைப் போட்டு, லென்ஸில் அதற்குச் சரியான எழுபத்தேழு ஃபில்டரைத் திருகி, பக்கவாட்டில் சாய்த்து மேஜைக் கண்ணாடியைக் காட்டினார். திரையில் டியூப்லைட் வெள்ளையாகக் கிடந்தது. வளையத்தைத் திருப்பினார். டியூப்லைட் மங்கி, இல்லாமல் போனது. "எப்படி? சுத்தமா எடுத்துடுச்சு பாருங்க."

அவன் பார்த்தான்.

கடைக்காரரின் கட்டைவிரல் வேறொரு பொத்தானில் பட்டது. திரையில் ஒரு துணிக்கடையின் முகப்பு வந்தது.

"அட, இது ஃபில்டர் போடாம எடுத்ததா? கண்ணாடியில மேடமே விழுந்திருக்காங்க. ஃபில்டர் இருந்திருந்தா அழிஞ்சிருப்பாங்க."

அவன் திரைமேல் குனிந்தான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குப் படமே கிடையாது. எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றவள். ஸ்டாண்டில் கேமராவைக் கோணலாக நிறுத்திவிட்டு, எதிர்க்கோடியில் நின்று வெள்ளை அட்டையால் வெளிச்சம் காட்டிக்கொண்டே ரிமோட்டை அழுத்துவாள். அவள் பிம்பம் கண்ணாடியில் விழும். பழைய லென்ஸின் ஃபில்டர் ஒவ்வொரு முறையும் அவளைத் துடைத்துவிடும். இந்த ஒரு நாள் துடைக்கவில்லை. பொம்மைகளின் சட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். கையில் அட்டை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். வாய் திறந்திருந்தது.

படத்தின் மூலையில் நேரம் இருந்தது. 11.42.

அவள் அவனைக் கூப்பிட்டது 11.41. அந்த எண்ணை அவன் போனில் எத்தனை முறை பார்த்திருப்பான் என்று கணக்கில்லை. அன்று அவனைச் சுற்றி மெஷின் சத்தம். வார்த்தைகள் கேட்டன, ஆனால் அவள் குரல் கோபமா என்று பிடிபடவில்லை. இருபத்திமூன்று நாளும் கோபம் என்றுதான் நினைத்திருந்தான். என்மேல் எரிச்சலோடு வண்டியை முறுக்கிக்கொண்டு போயிருக்கிறாள் என்று.

"இன்னும் கொஞ்சம் பெருசா காட்டுங்க," என்றான்.

கடைக்காரர் பெரிதாக்கினார். கன்னத்தில் குழி விழுந்திருந்தது. சிரிப்பை அடக்கும்போது மட்டும் விழுகிற குழி.

"ஃபில்டர மாத்திக் குடுத்துடவா சார்?"

"வேணாம். பழசையே குடுங்க."

"இது உங்க லென்ஸுக்கு நிக்காதே."

"தெரியும்."

வீட்டில் மாமியார் கேமராவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யார்கிட்ட பேசிட்டிருக்கா?"

"என்கிட்ட."

"சிரிக்கிறாளே."

"ஆமா அத்தை."

அந்தம்மாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். "என்ன சொல்லிட்டிருக்கா?"

அவன் அந்தச் சின்ன டப்பாவை மேஜைமேல், பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தான். பிறகு சொன்னான். அவள் சொன்னபடியே, ஒரு வார்த்தை கூட்டாமல்.

"அளவுக்காரரே, இது லென்ஸுக்கா, இல்ல நான் விரல்ல மோதிரமா போட்டுக்கவா? நம்பர் லென்ஸ் மூடிக்குள்ளயே இருக்கு, எழுபத்தேழு. நானே போய் மாத்திக்கிறேன். நீ கடைப்பக்கம் போயிடாத. சரி வை, வெயில் போகுது."