வகுப்பறையின் அகலம்

2012 டிசம்பரில், மதுரங்குளிப் பாடசாலை மண்டபத்தில் கணித வினாத்தாளோடு உட்கார்ந்திருந்தவர்களில் நிஸ்மியாவுக்கு மட்டும் முப்பத்திரண்டு வயது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். அகதி முகாமில் அறுந்த படிப்பு அறுந்ததுதான். யுத்தம் முடிந்ததும் மூத்தவளான றிஸ்லா ராத்தா பிள்ளைகுட்டிகளோடு சொந்த ஊரான சிலாவத்துறைக்குத் திரும்பிவிட்டாள். அகதியாக வந்து தங்கிய, உம்மாவை அடக்கிய கரைத்தீவை விட்டுப் போக நிஸ்மியாவுக்கு மனம் வரவில்லை. அக்கம்பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டுப் போட்டுக்கொண்டன.

பாலர் பாடசாலையில் வேலை தருவதாகச் சொன்னவர்கள் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்திருக்க வேண்டும் என்றார்கள். இரவல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, தனியே தட்டுத்தடுமாறிப் படித்தாள். பிழை விட்டால் சொல்ல ஆளில்லை. அதனால் வந்த விடையைக் கேள்விக்குள்ளேயே திரும்பப் போட்டுப் பார்க்கப் பழகியிருந்தாள்.

'ஒரு வகுப்பறையின் நீளம் அகலத்தைவிட மூன்று மீற்றர் கூடியது. பரப்பளவு நாற்பது சதுர மீற்றர். அகலம் என்ன?'

அகலத்தை x என்று வைத்தாள். x² + 3x − 40 = 0. பெருக்கினால் −40, கூட்டினால் 3 வர வேண்டும். எட்டும் ஐந்தும்தான். அவசரத்தில் (x − 8)(x + 5) என்று எழுதிவிட்டாள். அகலம் எட்டு. போட்டுப் பார்த்தாள்: எட்டு அகலமென்றால் நீளம் பதினொன்று, பரப்பு எண்பத்தெட்டு. குறிகள் இடம் மாறிப்போயிருந்தன. வெட்டிவிட்டு (x + 8)(x − 5) = 0 என்று எழுதினாள். x ஐந்து, அல்லது −8. இரண்டுமே சமன்பாட்டுக்குச் சரிவந்தன. ஆனால் பூச்சியத்துக்குக் கீழே அகலம் ஏது? −8ஐத் தள்ளினாள். அகலம் ஐந்து, நீளம் எட்டு, பரப்பு நாற்பது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

பரீட்சை முடிந்தபோது வெளியே மழை. வாசலில் பெற்றோர் குடையோடு நின்றார்கள். முன் மேசையில் இருந்த சப்னா என்ற பிள்ளை அவளருகே வந்தாள்.

"ராத்தா, அந்த வகுப்பறைக் கணக்குக்கு என்ன வந்திச்சி?"

"அஞ்சு."

"எனக்கு எட்டு வந்திச்சே!"

"எனக்கும் முதல்ல எட்டுதான் மகள்! அப்ப நீளம் பதினொண்டு, பெருக்கினா எண்பத்தெட்டு வருது. குறிதான் மாறிப் போயிருக்கு, பாருங்க..."

கைவிரலால் சுவரில் எழுதிக் காட்டி மூச்சுவிடாமல் விளங்கப்படுத்தினாள். கணக்கைப் பற்றி அவளிடம் ஒருவர் கதைத்தது அன்றுதான் முதல்தடவை. திரும்பிப் பார்த்தபோது பிள்ளையின் கண் நிறைந்திருந்தது.

"செய்த வழிக்குப் புள்ளி தருவாங்க..." என்றாள் பதறிப்போய்.

வாப்பாவின் மோட்டார் சைக்கிள் ஹோன் கேட்டதும் சப்னா மழையில் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். சும்மா 'எனக்கும் எட்டுதான்' என்று சொல்லியிருக்கலாமோ என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நிஸ்மியா நினைத்தாள்.

சில மாதங்களில் பெறுபேறு வந்தது. கணிதத்தில் சித்தி. சிலாவத்துறைக்கு, ராத்தாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"பாஸா? அல்ஹம்துலில்லாஹ்! கொஞ்சம் பொறு தங்கச்சி, வீடு கட்டுற மேசன் வந்து நிக்கிறாரு. பொறகு எடுக்கிறன்."

"ஓம் ராத்தா."

பின்னேரம் அஸர் பாங்கு கேட்டது. பொழுதுபட்டு மஃரிபும் ஆயிற்று. தொலைபேசி அடிக்கவில்லை. நிஸ்மியா தன் ஒருத்திக்கு ஒரு சுண்டு அரிசியை அளந்து, களைந்து அடுப்பில் வைத்தாள்.