பத்துக்குப் பத்து

ஆய்வுக்கூட உதவியாளரான அவளுக்கு வேலை சின்னதுதான். முட்டைக்கோஸ் இலைத் துண்டுகளை எலுமிச்சைப்புல் எண்ணெய்க் கரைசலில் முக்கி, உலர்த்தி, டப்பாவுக்குப் பத்துப் புழுவாக விட வேண்டும். எண்ணெய் புழுவைக் கொல்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, எண்ணெய் படாத இலையோடு ஒரு டப்பா தனியே இருக்கும். தினமும் இலையை மாற்ற வேண்டும்.

அந்தச் சனி, ஞாயிறு அவள் போகவில்லை. காய்ச்சலா, கல்யாணமா? ஒன்றுமில்லை, வெறும் சோம்பல். திங்கள் காலையில் திறந்தால் இலையெல்லாம் சருகு. எல்லா டப்பாவிலும் புழுக்கள் பட்டினியில் செத்துக் கிடந்தன, எண்ணெய் படாத டப்பாவிலும்தான். வளர்ப்புத் தட்டிலிருந்து உயிருள்ள பத்துப் புழுக்களை எடுத்து, எண்ணெய் படாத டப்பாவில் மட்டும் செத்தவற்றுக்குப் பதிலாகப் போட்டாள். 'எண்ணெய் தின்றவை பத்துக்குப் பத்தும் சாவு' என்று பதிவேட்டில் எழுதினாள். அதைப் பார்த்த ஆய்வுக்கூட அதிகாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? கணவனின் அக்கா அரை ஏக்கரில் கோஸ் போட்டிருந்தாள். "பத்துக்குப் பத்து, அண்ணி!" என்று அவளிடம் பீற்றிக்கொண்டாள். அண்ணி அந்த வாரமே பூச்சிமருந்துக் கடைப் பக்கம் போவதை நிறுத்திவிட்டு, எலுமிச்சைப்புல் எண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடித்தாள்.

மூன்றே வாரத்தில் தோட்டம் சல்லடையாகிவிட்டது. பார்க்கப் போனவளிடம் அண்ணி ஓர் இலையைத் தூக்கிக் காட்டினாள்.

"என் தப்புதாம்மா. சரியா கலக்கலையோ, உச்சி வெயில்ல அடிச்சிட்டேனோ. நீ சொன்னது பொய்யாவா இருக்கும்?"

"ஆமா... அளவு கொஞ்சம்..." என்று அவள் மென்று விழுங்கினாள்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. எழுதிய பொய்யைவிட அந்த 'ஆமா'தான் அவளைக் கூனிக் குறுக வைத்தது.

மறுநாள் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தவில்லை. "எத்தனை பேர்கிட்ட சொல்லிட்டேன் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அங்கிருந்து நேரே தோட்டத்துக்குப் போனாள்.

"அண்ணி, உங்க மேல தப்பே இல்ல. நான் ரெண்டு நாள் வேலைக்குப் போகல. புழுவெல்லாம் பசியில செத்துச்சு. அதை மறைச்சிட்டேன்."

குனிந்து புழு பொறுக்கிக்கொண்டிருந்த அண்ணி தலை நிமிரவில்லை. "நேத்து என்னையே நான் திட்டிக்கிட்டு நின்னேனே, அப்பவும் பாத்துக்கிட்டுதானே இருந்த?"

அவள் அடுத்த வரிசையில் குனிந்து, இலை இலையாகத் திருப்பிப் புழு பொறுக்கினாள். பொழுது சாயும்வரை இருவரும் பொறுக்கினார்கள். கால்வாசிச் செடிதான் தேறியது.

சோதனையை அதிகாரி வேறொருத்தியிடம் கொடுத்தார். இந்த முறை எண்ணெய் தின்ற பத்தில் மூன்று புழுக்கள்தான் செத்தன. அதையும் அவளே போய்ச் சொன்னாள். "சரி" என்றாள் அண்ணி. அதற்குப் பிறகு எது கேட்பதானாலும் அவளுக்கு இல்லை, தன் தம்பிக்குத்தான் போன் போட்டாள்.