கண்ணாயியின் பதிலைத் திருத்த முடியவில்லை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. 1986ஆம் ஆண்டு கோடையில் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் பஸ் அடிவாரத்தில் நின்றபோது, ஒருவர் ஜன்னல் வழியாக எங்கள் மடிகளில் ஆளுக்கொரு வண்ணத்தாளைப் போட்டுவிட்டுப் போனார். மலைச்சரிவில் வரிசையாக வீடுகள் வரைந்த படம். அதன் அடியில் ஒரு வரி: ‘ஆள் நடமாட்டமில்லாத அமைதி, இனி உங்களுக்கே சொந்தம்.’

நான் அமைதியை விரும்புகிறவன். யாரோடும் பேசாமல், ஒரு புத்தகத்தோடு வாரக்கணக்கில் இருந்துவிடுவேன். அந்த வரியை எழுதியவன் என்னைப் போன்ற ஒருவனை நினைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும். எரிச்சலுக்கு அதுவே காரணம். படத்திலிருந்த சரிவை எனக்குத் தெரியும். ஊர் முடிந்து தலைச்சோலைக்குப் போகும் சாலைக்குக் கீழே இருக்கிறது. அங்கே ஆட்கள் நடமாடுகிறார்கள். சத்தமாகச் சண்டையும் போடுகிறார்கள்.

2

முதல் தொடக்கம்: ‘சேர்வராயன் மலைமீது பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்—’

வேண்டாம். பனியை விற்பதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: ‘மனிதனுக்கு வீடு வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம்—’

கேளுங்கள். ஆனால் இந்த வீடுகளை வாங்கவிருந்தவர்கள் எல்லாருக்கும் கீழே வீடு இருந்தது. இது வெயிலுக்கு ஒதுங்க இன்னொன்று. மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும்.

மூன்றாம் தொடக்கம், அலங்காரம் இல்லாமல்: கண்ணாயிக்கு அந்தச் சரிவில் ஒரு காடு இருந்தது; மழையை நம்பிய நிலத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மாமனார் காலத்திலிருந்து அவர்கள் உழுதது. பட்டா, காகிதம் எதுவும் கிடையாது. பக்கத்து எஸ்டேட்டை வாங்கிய கம்பெனி, சரிவும் அதோடு சேர்ந்ததுதான் என்றது. யாராவது பயிர் வைத்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் விட்டுவிடுவதாகவும் சொன்னது. அதை நேரில் பார்த்து எழுத ஓர் ஆபீசர் வந்தார்.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஆபீசர் வருவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.*

கண்ணாயியின் சனம், ஒரு சரிவில் சில போகம் சாமையும் ராகியும் எடுத்துவிட்டு அதைச் சும்மா விட்டுவிடும். புல் ஏறும், புதர் மண்டும், இலை உதிர்ந்து மக்கும். மண் தேறிய பிறகுதான் மறுபடி ஏர். அதற்கு முன் உழுதால் ஆடி மழையில் மேல்மண் முழுக்க ஓடைக்குப் போய்விடும். ஓய்விலிருக்கிற காட்டில் ஏர் கட்டுவது அவர்களிடையே சினைமாட்டை நுகத்தில் பூட்டுவதற்குச் சமம். அப்படிச் செய்த குடும்பத்தில் பெண் எடுக்க மாட்டார்கள்.

கண்ணாயியின் காடு ஓய்வில் இருந்தது.

* இப்படி நடுவில் நிறுத்தி விளக்குவது கதைக்கு நல்லதில்லை என்பார்கள். அந்த ஆபீசருக்கு யாராவது நடுவில் நிறுத்தி விளக்கியிருந்தால் நான் இந்தக் கதையையே எழுதியிருக்க மாட்டேன்.

4

விசாரணை ஒரு சவுக்கு மரத்தடியில் நடந்தது. நான் லாசர் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற அவரோடு நானும் போய் நின்றேன்.

ஆட்சேபணைகள் பல விதமாக வந்தன. வீடுகள் வந்தால் அறைகள் காலியாகக் கிடக்கும் என்றார் ஒரு லாட்ஜ்காரர். கம்பெனியின் ஆள் செல்வராஜ் அவரைத் தோளில் கைபோட்டு ஜீப்புக்குப் பின்னால் அழைத்துப் போனான். திரும்பி வந்தவருக்கு ஆட்சேபணை இல்லை. சரிவுக்குக் கீழே ஊற்று இருக்கிறது, கக்கூஸ் குழிகள் தோண்டினால் தண்ணீர் என்ன ஆகும் என்று கேட்டார் லாசர். “அதெல்லாம் பிளான்ல இருக்கும்,” என்றார் ஆபீசர், பிளானைப் பார்க்காமலே.

பிறகு கண்ணாயியைக் கூப்பிட்டார்கள். அவளுடைய கொழுந்தன் பொன்னுவேல் பின்னால் நின்றான். அவனுடைய மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த வீட்டாரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள்.

“இந்தக் காட்டுல இப்ப என்ன பயிர் இருக்கு?”

“பயிருங்களா? ஒண்ணுமில்லீங்க.”

“போன வருசம்?”

“போன வருசமும் இல்லீங்க. அதுக்கு முந்துன வருசமும் இல்லீங்க. கலப்பை நுனி படலீங்க சாமி. யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க!”

தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். பெண் பார்த்த வீட்டார் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். தன் குடும்பத்தின் ஒழுங்குக்குச் சாட்சி கேட்கிறார்கள் என்றே அவள் நினைத்திருந்தாள்.

செல்வராஜ் சிரித்தான். “அம்மாவே சொல்லிட்டாங்க சார். நான் வேற எதுக்கு? அம்மாவுக்கு ஒரு டீ குடுப்பா.”

“நொம்ப சந்தோசமுங்க,” என்று வாங்கிக் குடித்தாள்.

ஆபீசர் ‘தரிசு’ என்று எழுதினார்.

4 (திருத்தியது)

“போன வருசம் என்ன பயிர்?”

“சாமைங்க. நல்லா வெளைஞ்சுதுங்க.”

எழுத எவ்வளவு சுலபம்! ஒரு வரி, காடு தப்பிவிட்டது. ஆனால் இதை எழுதியதும் பின்னால் நின்ற பெண் பார்த்த வீட்டார் ஒவ்வொருவராக நான் எழுதிய பக்கத்தை விட்டு வெளியே போகிறார்கள். பொன்னுவேல் தரையைப் பார்க்கிறான். இந்த வரியைச் சொன்னவள் கண்ணாயி இல்லை. அவள் சேலையை உடுத்திக்கொண்டு நான் பேசியிருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.

(அவளை உத்தமியாக்குகிறேனோ என்று ஒரு சந்தேகம். இல்லை. லாசரின் பலாக்காயைப் பறித்துவிட்டுக் குரங்கு கொண்டுபோய்விட்டது என்று சத்தியம் செய்கிறவள்தான்.)

5

ஜீப் போனதும் லாசர் வெடித்தார்.

“ஏம்மா கண்ணாயி, எம்பட பலாக்காய்க்குக் குரங்கைச் சொல்ல வாய் வருது. இதுக்கு ஒரு பொய் வரலியா?”

“ஏனுங்க ரைட்டரய்யா, குரங்கு வந்து எங்கிட்ட நாயம் கேக்கப் போவுதுங்களா? ஓய்வுல கெடக்கற காட்டுல ஏரு கட்டுனேன்னு எங்க சனத்துக்கு முன்னால நானே சொன்னா, பொன்னுவேலு பொண்ணை எந்த ஊட்டுல எடுப்பாங்க?”

“காடே போவுதும்மா!”

“போவும்னு அவரு சொல்லலீங்களே. பயிரு இருக்குதான்னுதானுங்க கேட்டாரு.”

லாசர் திரும்பி நடந்தார். வீடு வரும்வரை நாங்கள் இருவரும் பேசவில்லை. எனக்குப் பிடித்தமான மௌனம் அல்ல அது.

அவள் சொன்னது சரி. எதற்காகக் கேட்கிறோம் என்று அவர் சொல்லவே இல்லை. ஒருத்தியின் பெருமையைக் கேட்டு வாங்கி, அதைக்கொண்டே அவள் நிலத்தை எடுப்பதற்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை. சட்டப்படி எல்லாம் சரியாகவே நடந்தது. டீகூடக் கொடுத்தார்கள்.

6

லாசர் ஆட்களைத் திரட்டி, மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டு, மறு விசாரணை வாங்கினார். அதே ஆபீசர்தான். ஆடி மாதம், முதல் மழைகளுக்குப் பிறகு.

“கண்ணு, இதுதான் கடைசி,” என்றார் லாசர், கண்ணாயியிடம். இந்த முறை அவர் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. “ஜீப்பு வர்றப்ப ஏரு ஓடிட்டு இருந்தாப் போதும். வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்ல வேண்டாம்.”

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

இனி முடிவுகள். இரண்டு எழுதினேன்.

முதல் முடிவில் அவள் உழுகிறாள். ஆபீசர் பார்த்து, ‘தரிசு’ என்பதை அடிக்கிறார். காடு அவளுடையது. அன்றே மழை பிடிக்கிறது. கிளறிவிட்ட மண் சிவந்து ஓடையில் இறங்குகிறது. பொன்னுவேலின் மகளைக் கேட்டு வந்த வீட்டார் பிறகு வரவில்லை. கண்ணாயி மிச்சம் வைத்துக்கொண்டது வெறும் பாறை—

இரண்டாவதில் அவள் உழவில்லை. மண் இருக்கிறது. அதன்மேல் வீடுகள் இருக்கின்றன. வீடுகளுக்குப் பூட்டு—

இரண்டையும் கிழித்தேன். இரண்டிலும் கண்ணாயிதான் தோற்கிறாள்; இரண்டிலும் தேர்ந்தெடுத்தவளும் அவளே. ஆபீசரும் செல்வராஜும் கையில் மண் படாமல் போய்விடுகிறார்கள். கதைக்கு முடிவு வேண்டும் என்பதற்காக அவர்கள் வேலையை நான் ஏன் செய்ய வேண்டும்?

7

ஆடி மாதம். தூறல் விட்டிருக்கிறது. பொன்னுவேல் மாடுகளைச் சரிவின் விளிம்புக்கு ஓட்டி வந்துவிட்டான். நுகம் தரையில் கிடக்கிறது. கீழே சாலையோரம் லாசர் நிற்கிறார். நானும் நிற்கிறேன்.

“அண்ணி, கட்டட்டுமா?” என்கிறான் பொன்னுவேல்.

கண்ணாயி காட்டைப் பார்க்கிறாள். புல் இடுப்புயரம்.

“அண்ணி, நேரமாவுது. என்ன பண்ணட்டும்?”

அவள் திரும்புகிறாள். அவனையும் கீழே நிற்கும் எங்களையும் பார்த்துக் கத்துகிறாள்.

“என்னையே கேளுங்கடா எல்லாரும்! அன்னைக்கு அவன் கேட்டான், இன்னைக்கு நீங்க கேக்கறீங்க. அவனை ஒருத்தனாவது ‘இதை எதுக்குக் கேக்கறே’ன்னு கேட்டீங்களாடா?”

இதற்குமேல் எழுத மாட்டேன்.

அடிவாரத்திலிருந்து ஜீப் கிளம்பிவிட்டது. எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குள்ள அதிகாரம் மிகக் கொஞ்சம். அதைப் பயன்படுத்தி ஜீப்பை ஒரு கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி வைத்திருக்கிறேன். இன்ஜின் அணைந்துவிட்டது. முன் சீட்டில் ஆபீசர், பின்னால் செல்வராஜ். அது நிற்கிறவரை அவள் பொன்னுவேலுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

என்னால் அதிக நேரம் பிடித்து வைக்க முடியாது. நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். போய்க் கதவைத் திறந்து, அவர்களைக் கேளுங்கள்.