பதினோராவது கேள்வி

ஜோகூர் மாநிலத்தின் செனாயில் மின்னணுப் பொருள்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள் செல்வராணி. போன வருடம் அந்தத் தொழிற்சாலை வியட்நாமுக்குப் போய்விட்டது. நாற்பத்தாறு வயதுக்காரியை வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. சட்டமன்றத் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பிய சமயம், மக்கள் கருத்தைக் கேட்டுத் தொகுக்கும் நிறுவனம் ஒன்றுக்குத் தமிழ் பேசும் ஆள் தேவைப்பட்டது. அவள் குடியிருக்கும் கூலாயில் பக்கத்து வீட்டுப் பெண் சொல்லி, போய்ச் சேர்ந்தாள்.

ஒரே நாள் பயிற்சி. கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் ஓர் அட்டை, பதினாறு கேள்விகள். எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும், ஜனங்கள் சொல்வதை அப்படியே பதிய வேண்டும், நம் கருத்தைச் சொல்லவே கூடாது என்று பயிற்சி கொடுத்த ஹேமநாதன் மூன்று தடவை சொன்னார். பிறகு அவரவர் போக வேண்டிய தொகுதியைப் படித்தார். செல்வராணிக்கு விழுந்தது சுங்கை தெலாகா.

அப்போதே அவள் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். போன தேர்தல் வரைக்கும் சுங்கை தெலாகாவின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த அர்ச்சுனன் அவளுடைய சொந்த அண்ணன். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிதாக ஓர் ஆசையும் இருந்தது. அண்ணனைப் பற்றி ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது காதால் கேட்க வேண்டும். கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேலாகக் கூலாயில் இருப்பவள். அவள் போன பிறகு எழும்பிய அந்தத் தாமான் குடியிருப்புகளில் அவள் முகத்தை யாருக்கும் தெரியாது.

அர்ச்சுனன் செம்பனை எண்ணெய் ஆலையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கத்தில் ஓடியாடி வேலை செய்ததைப் பார்த்துக் கட்சி அவரை நிறுத்தியது. அந்த வருடம் காற்று அந்தப் பக்கம் அடித்தது, ஜெயித்துவிட்டார். நடுவில் ஆட்சி கவிழ்ந்து பலர் கட்சி மாறியபோது அவர் மாறவில்லை. அடுத்த தேர்தலில் தோற்றார். இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்.

முதல் மூன்று நாள் செல்வராணி எங்கே போனாலும் முதல் பத்துக் கேள்விகள் சுலபமாகப் போயின. சாலை, தண்ணீர், குப்பை லோரி, விலைவாசி. பதினோராவது கேள்வியில்தான் ஜனங்கள் சிரித்தார்கள்.

"ஒருவர் சட்டமன்ற உறுப்பினராக வருவதற்கு முக்கியக் காரணம் எது என்று நினைக்கிறீர்கள்? மக்களுக்குச் சேவை செய்ய, பணம், பேரும் பதவியும், கட்சி சொன்னதால், தெரியாது."

சந்தை முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜஹாங்கீர் தெ தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டே பதில் சொன்னார். "இது ஒரு கேள்வியாம்மா? எழுதிக்குங்க, பணம். வரும்போது மோட்டார் சைக்கிள்ல வருவாங்க. போவும்போது பாருங்க, என்னா காடி, என்னா வீடு."

"எல்லாருமா, பாய்?"

"எல்லாம் சமா லா. இதுல சீனன், மலாய்க்காரன், தமிழன்னு வித்தியாசமே கெடையாது. அந்த ஒண்ணுலதான் ஒத்துமை."

செல்வராணி பணம் என்ற கட்டத்தைத் தொட்டாள்.

அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் மனோகரன் என்பவர் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பேசினார். சிங்கப்பூரில் வேலை, விடியுமுன் பாலத்தைத் தாண்டிவிட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர். அன்றைக்கு லீவு. பழைய உறுப்பினரைப் பற்றிய பன்னிரண்டாவது கேள்வியை அவள் வாசித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அர்ச்சுனனா? வேன் ஓட்டறாரே, அவருதானே?"

"ஆமாங்க."

"அது நாடகம்மா. கட்சி மாறினப்ப எல்லாருக்கும் பெட்டி பெட்டியா போச்சு. இவருக்கு மட்டும் போகலையா?"

"அவர் மாறலையே?" வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

"மாறாம இருக்கறதுக்கும் வாங்கியிருப்பாரு. ஜோகூர் பாருல ரெண்டு கொண்டோ வீடு இருக்காம், என் கூட வேல செய்யறவன் சொன்னான். கணக்கு கேக்கக்கூடாதுன்னுதான் இந்த வேன். நாங்க என்ன முட்டாளா?"

அவள் படிக்கட்டில் இறங்கினாள். அண்ணன் வீட்டுக் கூரை ஒழுகி, கூடத்தில் வாளி வைத்திருப்பதை அவள் போன வாரம்தான் பார்த்தாள். அதை ஓடிப்போய்ச் சொன்னாலும், வாளியும் நாடகம் என்றுதான் அந்த மனிதர் சொல்லுவார்.

நான்காம் நாள் கடைசி வரிசை வீடுகளில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். பார்த்ததுமே செல்வராணிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வாசுகி. குழந்தையில்லாமல் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தவள். ஷர்மினி என்ற அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமைத் தாள் இல்லை, அதனால் ஐசி என்னும் அடையாள அட்டை இல்லை, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதே பெரும் பாடாக இருந்தது. அர்ச்சுனன் அந்தக் கோப்பைத் தூக்கிக்கொண்டு மூன்று வருடம் அரசாங்க அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவுக்கு அலைந்தார். ஒரு தடவை வாசுகியையும் பிள்ளையையும் அழைத்துப் போகையில், மனைவிக்கு உடம்பு முடியாததால் துணைக்குச் செல்வராணியைக் கூட்டிப்போனார். கொரோனா காலம், எல்லாருக்கும் முகக்கவசம்; வாசுகியின் முகத்தை அவள் பிற்பாடு ஒரு பேப்பர் படத்தில்தான் பார்த்தாள். வாசுகிக்கு இப்போது அவளைத் தெரியவில்லை.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, மைலோ கலக்கிக் கொடுத்தாள். பிள்ளை இப்போது கூலாயில் இடைநிலைப் பள்ளியில் நான்காம் படிவம் என்றாள். செல்வராணிக்கு மனம் லேசானது. இந்த ஒரு வீட்டிலாவது, என்று நினைத்துக்கொண்டே பதினோராவது கேள்வியை வாசித்தாள்.

"பணம்னு போடுங்க," என்றாள் வாசுகி.

"எல்லா ஒய்பியுமா?" சட்டமன்ற உறுப்பினரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்.

"வேற எதுக்குங்க வருவாங்க?"

"பழைய ஒய்பி உங்களுக்கு ஏதாச்சும் செஞ்சிருக்காரா?"

"செஞ்சாரு. பொய் சொல்லக்கூடாது. எம் மகளுக்கு ஐசி அவருதான் வாங்கிக் குடுத்தாரு. ரொம்ப அலைஞ்சாரு."

"அப்ப...?"

வாசுகி மைலோவை அவள் பக்கம் நகர்த்தினாள். "ஐசி கெடச்ச அன்னிக்குக் கட்சிக்காரங்க வந்து போட்டோ எடுத்தாங்க. பேப்பர்ல வந்துச்சு. எங்க குடும்பத்துல ஒம்போது ஓட்டு. நான் அவரக் குத்தம் சொல்லல. ஆனா சும்மா யாருங்க செய்வா? என் கூடப்பொறந்தவனே செய்யல. அரிசி இருக்கான்னு ஒரு நாள் கேட்டதில்ல. யாரோ ஒரு மனுஷன் மூணு வருஷம் எதுக்கு அலையணும்? ஏதாச்சும் இருக்கும். நமக்குத் தெரியாது, அவ்ளோதான்."

"உண்மையிலேயே செய்யணும்னு நெனச்சுச் செஞ்சிருக்கலாம் இல்லையா?"

வாசுகியின் பார்வை மாறியது. கழுத்திலிருந்த அட்டையை ஒரு தடவை பார்த்தாள். "நீங்க கட்சி ஆளா?"

"இல்லைங்க, இல்லைங்க."

"எங்க பேரெல்லாம் எழுதிக்க மாட்டீங்களே? நாங்க எந்தக் கட்சிக்கும் எதிரா எதுவும் சொல்லல."

"பேரு எழுத மாட்டோம்மா," என்று சொல்லிவிட்டுச் செல்வராணி குனிந்து டேப்லெட்டைப் பார்த்தாள். விரல் பணம் என்ற கட்டத்துக்குப் போகவில்லை. மக்களுக்குச் சேவை செய்ய என்ற முதல் கட்டத்தைத் தொட்டாள். மீதிக் கேள்விகளை வேகமாக முடித்து, அங்கேயே அனுப்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் கூலாய்க்குத் திரும்பவில்லை. நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். அர்ச்சுனன் வேனுக்குள் பிள்ளைகள் போட்டுவிட்டுப் போன மிட்டாய்த் தாள்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணி ஷாமளா வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். காலையில் கட்சியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். இந்தத் தடவை மறுபடியும் நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

"நான் வேணாம்னுதான் சொல்றேன் ராணி," என்றாள் ஷாமளா. "போன தடவ தோத்த மறுநாள் சந்தையில ஒருத்தன் என்னப் பாத்து, என்னக்கா, சம்பாதிச்சது போதுமான்னு கேட்டான். கையில அரைக் கிலோ கத்திரிக்கா வச்சிருந்தேன். ஆனா இவரு பாரு, வந்தவங்க போனதுலேருந்து முகமே வேற மாதிரி இருக்கு."

உண்மைதான். அர்ச்சுனன் முகத்தில் பல நாள் காணாத ஒரு வெளிச்சம் இருந்தது. தங்கையை உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார். "நீ இங்கதான் நாலு நாளா சுத்தறேன்னு உங்க அண்ணி சொன்னா. ஜனங்க என்ன சொல்றாங்க?"

"அதெல்லாம் வெளியில சொல்லக்கூடாதுண்ணே."

"ஒருத்தர் பேரையும் சொல்லாத. பொதுவா சொல்லு. நிக்கலாமா?"

அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் கண்ணைப் பார்த்ததும் பொய் சொல்ல வரவில்லை. பதினோராவது கேள்வியைச் சொன்னாள். எண்பத்து மூன்று வீட்டில் எழுபது வீடு பணம் என்றதையும், மீதியில் பெரும்பாலோர் பேரும் பதவியும் என்றதையும் சொன்னாள். ஜோகூர் பாருவில் அவருக்கு இரண்டு கொண்டோ இருப்பதாகப் பேச்சு என்பதையும் சொன்னாள்.

ஷாமளா சிரித்துவிட்டாள். அர்ச்சுனன் சிரிக்கவில்லை.

"சேவைன்னு ஒருத்தரும் சொல்லலையா?"

"ஒரு வீடு."

"யாரு?" என்று கேட்டுவிட்டு உடனே கையை அசைத்தார். "வேணாம், பேரு சொல்லாத."

அந்த ஒரு வீட்டைக் கேட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்க்கச் செல்வராணியால் முடியவில்லை. "அது நானா போட்டதுண்ணே," என்றாள். "அந்தம்மாவும் பணம்னுதான் சொன்னாங்க. எனக்கு மனசு கேக்கல."

அர்ச்சுனன் மெல்லச் சொன்னார். "அதப் போயி சரி பண்ணிடு. அவங்க சொல்லாதத சொன்னாங்கன்னு எழுதறது தப்பு."

"நீங்க சேவைக்குத்தானேண்ணே போனீங்க? எனக்குத் தெரியும்."

"அதைத்தான் நானும் யோசிச்சிக்கிட்டிருக்கேன்." அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "மொத வருஷம் சத்தியமா அதுக்குத்தான். அப்புறம் எங்க போனாலும் ஒய்பி, ஒய்பின்னு எந்திரிச்சி நின்னாங்க. நல்லாத்தான் இருந்துச்சி. அந்தப் பிள்ளைக்கு ஐசி வாங்கிக் குடுத்தப்ப பேப்பர்ல படம் வந்துச்சில்ல, அன்னிக்கு நான் அஞ்சு பேப்பர் வாங்கினேன். பிள்ளைக்காக அலைஞ்சேனா, அந்தப் படத்துக்காக அலைஞ்சேனா? இப்பக் கேட்டா எனக்கே நிச்சயமா சொல்லத் தெரியல. இன்னிக்குக் காலையில அவங்க வந்து கேட்டப்பவும் எனக்கு மொதல்ல ஜனங்க ஞாபகம் வரல. மறுபடியும் ஒய்பின்னு கூப்பிடுவாங்கன்னுதான் தோணுச்சி."

"அதுல என்ன தப்புங்க? மனுஷன்தானே?" என்றாள் ஷாமளா. வேண்டாம் என்று சொன்ன அவளே அப்போது அவருக்காகப் பேசினாள்.

"தப்பில்ல. ஆனா இவ்ளோ பேருகிட்டப் போயி நான் அப்படி இல்லன்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல."

மறுநாள் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, கட்சிக்குப் போன் செய்து முடியாது என்று சொல்லிவிட்டார். அவர்கள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. மதியத்துக்குள் ரூபேந்திரன் என்ற குத்தகைக்காரரின் பெயர் முடிவாகிவிட்டது. சாலைக்குத் தார் போடுவது, லோங்கான் என்னும் சாக்கடை வெட்டுவது என்று எல்லா வேலையையும் எடுத்துச் செய்கிறவர். அவர் முதலிலிருந்தே காத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

செல்வராணி ஹேமநாதனுக்குப் போன் செய்து ஒரு பதிலை மாற்றிப் போட்டுவிட்டதைச் சொன்னாள். ஏன் என்று அவர் கேட்டார். அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் கோபப்படவில்லை. "அப்ப நீங்க கேட்டு வந்த வீடு எல்லாத்தையும் கணக்குலேருந்து எடுத்துடணும்மா. ரூல்ஸ் அப்படி. கார்டையும் டேப்லெட்டையும் கொண்டுவந்து குடுத்துடுங்க."

"என்னால உங்க சர்வே கெட்டுப்போச்சா, சார்?"

"அதெல்லாம் இல்ல. நீங்க பேசிக்கிட்டிருக்கறப்பவே எடுத்துட்டுப் பாத்துட்டேன். அதே நம்பர்தான் வருது. மத்த தொகுதியிலயும் இதேதான். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றுகொண்டே அழுதாள். வேலை போனதற்காக அழவில்லை.

வாக்களிப்பு ஒரு சனிக்கிழமை. கல்யாணத்துக்குப் பிறகும் செல்வராணி ஓட்டு முகவரியை மாற்றவே இல்லை, அதனால் சுங்கை தெலாகாவில்தான் அவளுக்கு ஓட்டு. அர்ச்சுனன் வரவில்லை, பெக்கான் நானாஸில் ஒரு கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று வேனை எடுத்துக்கொண்டு விடிகாலையிலேயே கிளம்பிவிட்டார். ஷாமளாவும் கூடவே போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்தில் கூட்டமே இல்லை. வரிசையில் அவளுக்கு முன்னால் பத்துப் பேர்கூட இல்லை. இளசுகள் ஒருவரும் கண்ணில் படவில்லை. பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் வேட்பாளர்கள் பெயர்ப் பட்டியலைப் படித்துவிட்டுச் சலித்துக்கொண்டார்.

"மூணு பேரும் மூணு திருடனுங்க. நல்ல ஆளு ஒருத்தன் நின்னா போட மனசு வரும். நிக்க மாட்டேங்கறாங்களேம்மா."

செல்வராணி அவரைத் திரும்பிப் பார்த்தாள். நரைத்த தலை, நல்ல முகம். யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதராகத்தான் தெரிந்தார். "ஆமாங்க," என்றாள்.

அவள் முறை வந்தது. விரலில் மை தடவினார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போய் மூன்று பெயர்களையும் படித்தாள். பென்சிலைக் கையில் எடுத்தாள், திரும்ப வைத்தாள். சீட்டை வெறுமையாகவே இரண்டாக மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, கூலாய் பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள்.

ரூபேந்திரன் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.