செருகியும் தெரியாத வயர்

இன்டர்நெட் வயரைச் செருகித்தான் வைத்திருந்தேன். லேப்டாப் மட்டும் அப்படி ஒன்றும் இல்லவே இல்லை என்று சாதித்தது. பிடுங்கினேன், ஊதினேன், மறுபடியும் செருகினேன். டக்கென்று சத்தம் கேட்டது. ஆனால் ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டிப் பச்சை விளக்கு எரியவில்லை.

பதினோரு மணிக்கு எனக்குச் சோதனை வேலை. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்ய வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஆஸ்பத்திரியில் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அப்புறம் குக்கர் விசிலை எண்ணுவதைத் தவிர என் காதுக்கு வேறு வேலை இல்லாமல் போயிற்று. இப்போது வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. நோயாளிகளின் அந்தரங்கம் என்பதால் வைஃபை கூடாதாம், வயரில்தான் வர வேண்டுமாம். நேரத்துக்கு வராவிட்டால் அடுத்து காத்திருப்பவருக்கு இடம் போய்விடும் என்பதை அந்தக் கம்பெனி அம்மாள் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். இந்த இடம் போனால் இன்னொரு கம்பெனி என்னைத் தேடி வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

போன வாரம் வயர் வாங்கி வந்த அன்றைக்கே செருகிப் பார்த்துவிட்டேன். விளக்கு ஜம்மென்று எரிந்தது. அன்று எரிந்தது இன்று எரியவில்லை என்றால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பது மூன்று பேர். கணவர் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். நான் என் சோற்றிலேயே மண்ணைப் போட்டுக்கொள்ள மாட்டேன். மிச்சம் இருப்பது என் மாமியார்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம் இல்லை, தொற்றிக்கொண்டது. என் கணவர் ஒரு பெரிய கடையின் கேமரா அறையில் சூப்பர்வைசர். நாள் முழுக்க ஜனங்களின் கையையே பார்த்துக்கொண்டிருப்பவர். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் மூடாது. கதவுக்கு மேலே ஒரு பூட்டு, கீழே ஒரு பூட்டு, சூட்கேசுக்கு நம்பர் பூட்டு. கூரியர்காரர் வந்தால் செருப்பு முதல் தொப்பி வரைக்கும் அளந்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஆனால் என் விஷயத்தில் குறை சொல்ல முடியாது. நேற்று சாயங்காலம்கூட, “குடு, ஒரு தடவ செக் பண்ணித் தரேன். நாளைக்கு அசிங்கப்படக் கூடாதுல்ல” என்று லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு குளிர்ந்துபோய், கேட்காமலே காபி கொண்டுபோய் வைத்தேன்.

மாமியார் கதை வேறு. வயர் வந்த நாளிலிருந்தே அவருக்கு அதன் மேல் ஒரு கண். “நடுக்கூடத்துல இப்படி நீட்டிக் கிடந்தா யார் காலாவது தடுக்கி விழாதா?” என்று முணுமுணுத்தார். என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கும் செய்தியைச் சொன்னபோது, “ம்” என்று ஒரு எழுத்தோடு முடித்துக்கொண்டார். இன்று காலை கூடத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகப் பெருக்கினார். அதுவும் வயர் கிடக்கும் மூலையை.

கம்பெனி கொடுத்திருந்த உதவி எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு இளம் குரல் எடுத்தது.

“மேடம், வயர நிஜமாவே செருகியிருக்கீங்களா?”

“பின்ன, பொய்யாவா செருகுவாங்க?”

“கோவிச்சுக்காதீங்க. வைஃபைல வந்துட்டு வயர்ல வந்தேன்னு சொல்றவங்க இருக்காங்க. அதான் கேட்டேன்.”

ஆக, இந்தத் தம்பிக்கு என் மேல் சந்தேகம். எனக்கு மாமியார் மேல் சந்தேகம். பொழுது நன்றாகத்தான் விடிந்திருக்கிறது.

“லேப்டாப்ல செருகுற முனைய எடுத்து வேற எதுலயாவது செருகிப் பாருங்க மேடம். வயர் மேல தப்பா, லேப்டாப் மேல தப்பான்னு தெரிஞ்சிடும்.”

டிவியின் பின்பக்கம் அதே மாதிரி ஓட்டை ஒன்று உண்டு. வயரை இழுத்துக்கொண்டுபோய் அதில் செருகினேன். டிவி உடனே, வயர் வந்துவிட்டது என்று மூலையில் எழுதிக் காட்டியது. வயர் உத்தமி. அப்படியென்றால் லேப்டாப்பின் ஓட்டையில்தான் ஏதோ நடந்திருக்கிறது. ஈரத்துணி வைத்துத் துடைத்திருப்பாரோ? போனின் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தேன். உள்ளே பித்தளைக் கம்பிகள் வரிசையாக, சுத்தமாக மின்னின. துடைத்தால்தானே இவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று அதையும் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டேன். சந்தேகப்பட்டவளுக்குத் தூசி இருந்தாலும் தப்பு, இல்லாவிட்டாலும் தப்பு.

சமையலறை வாசலில் போய் நின்றேன். மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, லேப்டாப்ப தொட்டீங்களா?”

“நான் ஏம்மா அதத் தொடப் போறேன்?”

“காலைல ரெண்டு தடவ அந்த மூலையப் பெருக்கினீங்களே.”

“உன் கால்ல குப்பை ஒட்டக் கூடாதேன்னு பெருக்கினேன். அதுக்கென்ன இப்ப?”

“நான் வேலைக்குப் போறது உங்களுக்குப் பிடிக்கலேன்னா வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். இப்படி மறைஞ்சு நின்னு பண்ண வேண்டாம்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே கேட்டது. அவர் உரித்த வெங்காயத்தைத் தட்டில் வைத்தார், கையைக் கழுவினார், என்னைத் தாண்டிப் போய்க் கூடத்து நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் தம்பி எல்லாவற்றையும் கேட்டிருப்பான் போலிருக்கிறது, தொண்டையைச் செருமினான்.

“மேடம், லேப்டாப்ல இருக்கிற பாகங்களோட வரிசை ஒண்ணு இருக்கும். அதத் திறங்க. அதுல வயர் நெட்வொர்க்குன்னு ஒரு வரி இருக்கணும்.”

திறந்தேன். கேமரா இருந்தது, ஸ்பீக்கர் இருந்தது, வைஃபை இருந்தது. வயருக்கான வரியே இல்லை.

“கெட்டுப்போயிருந்தா மஞ்சக் குறியோட காட்டும் மேடம். ஆளே இல்லேன்னா, அந்த ஓட்டைய உள்ளயே அணைச்சு வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். லேப்டாப்ப அணைச்சுட்டு ஆன் பண்ணுங்க. ஆன் ஆகும்போதே மேல் வரிசைல எஃப் டூ கீய விடாம தட்டுங்க.”

தட்டினேன். வழக்கமான படம் வருவதற்குப் பதிலாக ஒரு நீலத் திரை வந்தது. நடுவில் ஒரு கட்டம். பாஸ்வேர்ட் கேட்டது.

“பாஸ்வேர்டா?” தம்பியின் குரல் மாறிவிட்டது. “தானா வராது மேடம். யாரோ உள்ள போயி, அணைச்சுட்டு, பூட்டும் போட்டிருக்காங்க. பெரிய ஆபீஸ்கள்ல, கேமரா ரூம்கள்ல இப்படித்தான் செய்வாங்க. யாரும் எதையும் செருகி எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு. உங்க வீட்ல அப்படி யாராவது...?”

தரை பெருக்கும் விளக்குமாறு பாஸ்வேர்ட் வைக்காது.

கணவரைக் கூப்பிட்டுப் பயனில்லை. கேமரா அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, வாசலிலேயே வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவார்கள். சாயங்காலம்தான் கைக்கு வரும். அது அவருக்கும் தெரியும்.

“மூணு தடவ தப்பாப் போட்டா அணைஞ்சிடும் மேடம். திரும்ப முதல்லேருந்து வரணும். நேரம் இல்ல, பாத்துப் போடுங்க.”

அவர் பெயரைப் போட்டேன். இல்லை என்றது. கல்யாண நாளைப் போட்டேன். அதுவும் இல்லை. அதைப் போடும்போது கொஞ்சம் ஆசையோடுதான் போட்டேன், அது எனக்கே வெட்கமாக இருந்தது. மூன்றாவதற்கு விரல் வரவில்லை. அழுகை வந்தது. யாரோ ஒரு முகம் தெரியாத பெண் என் நாற்காலியில் உட்கார்ந்து என் காதால் கேட்க வேண்டியதைக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தபோது ஆத்திரமாகவும் வந்தது.

“பூட்டு கேக்குதா?”

மாமியார் பின்னால் வந்து நின்றிருந்தார்.

“ஆமா அத்தை. அவர்தான்...” மேலே சொல்ல வாய் வரவில்லை.

“நகரு.”

அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. ஆனால் ஒற்றை விரலை நீட்டி, விசைகளின் மேல் ஒரு கணம் தேடி, டக் டக்கென்று ஐந்தாறு தட்டுத் தட்டினார். சிலந்தி நடப்பது போல விரல் மேலும் கீழும் போயிற்று.

“என் போனுக்கும் அவன்தானே பூட்டுப் போட்டுக் குடுத்தான். பத்திரமா இருக்கணுமாம். தெனமும் இதத்தான் அமுக்கறேன். எது எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரியும்.”

நீலத் திரை திறந்துகொண்டது.

நான் அவர் விரல் போன இடங்களை மனசில் எழுத்துக் கூட்டினேன். சிட்டு. “சிட்டு யாரு அத்தை?”

“அவன்தான். சின்னதுல அப்படித்தான் கூப்பிடுவேன். வெளிய சொல்லாதன்னு சத்தியம் வாங்கியிருக்கான்.” அவர் சிரிக்கவில்லை. “உன் மாமனாரும் இப்படித்தான். நான் ஜாக்கெட் தைக்க ஆரம்பிச்சப்ப வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லல. வெளிய போகும்போது மிஷின்லேருந்து நூல் சுத்தற பாபினக் கழட்டி சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போயிடுவாரு. கேட்டா, தொலைஞ்சிடக் கூடாதுன்னு பத்திரமா வெச்சேன்னுவாரு. நான் அவரையும் சந்தேகப்படல. சாமான் நிக்காத மிஷினுன்னு மிஷினத்தான் திட்டினேன்.”

அந்த “ம்” என்ற ஒற்றை எழுத்து இப்போதுதான் எனக்கு விளங்கியது.

தம்பி சொன்ன பக்கத்துக்குப் போனேன். ஓட்டைகளின் வரிசை இருந்தது. மற்றதெல்லாம் திறந்திருந்தது, பென் டிரைவ் செருகும் இடம்கூட. வயரின் ஓட்டைக்கு எதிரில் மட்டும் மூடியது என்று போட்டிருந்தது. திருட்டுக்குப் பயந்தவர் பென் டிரைவை அல்லவா முதலில் மூடியிருக்க வேண்டும்? அதை யோசிக்க அப்போது நேரமில்லை. திறந்தது என்று மாற்றிச் சேமித்தேன். லேப்டாப் அணைந்து எழுந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

“வந்துட்டீங்க மேடம்,” என்றான் தம்பி, தனக்கே வேலை கிடைத்தது போல. பதினோரு மணி அடிக்கும்போது என் காதில் ஹெட்போன் இருந்தது. ஒரு டாக்டர், வாயில் எதையோ மென்றுகொண்டு, யாருடைய முழங்காலைப் பற்றியோ பேச ஆரம்பித்தார். ஒரு சொல்கூட விடவில்லை நான்.

முடிந்ததும், நாளை முதல் வரச் சொல்லி அந்த அம்மாள் அதே சிரித்த முகத்தோடு சொன்னார். மாமியாரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். “வெங்காயம் அப்படியே கெடக்கு, போய் நறுக்கு” என்றார். நறுக்கிவிட்டு வந்து, லேப்டாப்பை மறுபடி அணைத்து எழுப்பி, அந்த நீலத் திரைக்குப் போனேன்.

“பூட்ட எடுத்துடட்டுமா அத்தை?”

“எதுக்கு எடுக்கணும்? மாத்து.”

“என்ன வெக்கலாம்?”

அவர் சொன்னார். அதை இங்கே எழுதப்போவதில்லை. தையல் மிஷினில் இருக்கும் ஒரு சின்ன சாமான், அவ்வளவுதான்.

அதுவரைக்கும்கூட நான் கணவருக்காக மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். பாவம், பாதுகாப்பு என்று நினைத்துத் தெரியாமல் அணைத்திருப்பார். தொழில் புத்தி. வந்ததும் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார். இப்படி.

சாயங்காலம் அவர் வந்தார். கையில் ஐஸ்கிரீம் டப்பா. எனக்குப் பிடித்த வகை, குடும்ப அளவு. செருப்பைக் கழற்றியவர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் தோளில் தட்டிக்கொடுத்தார்.

“விடும்மா. மனசு கஷ்டப்படாத. இது போனா இன்னொண்ணு.”

அவர் போன் நாள் முழுக்க அலமாரியில் இருந்தது. நான் அவரைக் கூப்பிடவில்லை. மாமியாரும் கூப்பிடவில்லை.

“எது போச்சு?” என்று கேட்டேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. “இல்ல... வேலை...” என்று இழுத்தார். “கெடச்சிடுச்சா?”

“நாளைலேருந்து வரச் சொல்லிட்டாங்க.”

“வயர்ல எதுவும் பிரச்சனை வரலையா?”

“ஏன், வரணுமா?”

அவர் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு லேப்டாப்புக்கு எதிரில் போய் உட்கார்ந்தார். “எதுக்கும் ஒரு தடவ செக் பண்ணிடறேன்” என்று அணைத்து எழுப்பி, மேல் வரிசையில் தட்டினார். பழகிய கை. நீலத் திரை வந்தது. தட்டினார். இல்லை என்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கடையில் கையும் களவுமாகப் பிடிபட்டவர்கள் கேமராவைப் பார்ப்பதை அவர்தான் எனக்கு விவரித்திருக்கிறார், அந்தப் பார்வை.

“பாஸ்வேர்ட மாத்தினியா?”

“பத்திரமா இருக்கட்டும்னு,” என்றேன்.

மாமியார் சமையலறையிலிருந்து இரண்டு கிண்ணத்தோடு வந்தார். டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு கிண்ணம் வைத்தார், தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். நாற்காலியில் சாய்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மகனைப் பார்த்தார்.

“நல்லா யோசிச்சுப் போடு, சிட்டு. மூணு தடவதான் பொறுக்குமாம்.”