தையல் போட்ட வயிறும் பிரேக்கும்

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு எட்டு கிலோமீட்டர். கணவரின் வயிற்றில் பதினான்கு தையல். தையல் பிரிந்தால் மறுபடி கத்திதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரைப் பின்சீட்டில் தலையணையோடு உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டு, முப்பதைத் தாண்டுவதில்லை என்று கடவுள்மேல் ஆணையிட்டுக் காரை எடுத்தாள் இயற்பியல் டீச்சர்.

முதல் சிக்னலிலேயே அவர், "அம்மா!" என்றார்.

"முப்பதுலதானேங்க வந்தேன்?"

"வந்தது சரி. நின்னதுதான் சுவத்துல முட்டின மாதிரி இருந்துச்சு."

அடுத்த நிறுத்தத்தில் அவர் முகமே வெளுத்துவிட்டது. "டீச்சரம்மா, என்னை இங்கேயே இறக்கி விட்டுடு. தவழ்ந்தாவது வந்து சேர்ந்துடறேன்." சிரிக்கப் போனவர் வலியில் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பாதிச் சிரிப்பு அவளைச் சுட்டது. இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பலகையில் எழுதியதுதானே! ஓடும் காரோடு உடம்பும் ஓடுகிறது. பிரேக் காரை நிறுத்தும்; உடம்பைப் பெல்ட்தான் நிறுத்த வேண்டும். பெல்ட் அழுத்தும் இடத்தில் தையல். வேகம் வலிப்பதில்லை, அது சட்டென்று மாறுவதுதான் வலிக்கிறது. ஊருக்குத்தான் உபதேசம்.

முன்வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு ஓட்டினாள். இடத்தைக் கண்டால் விடுவார்களா? ஒரு பைக் நுழைந்தது, பிறகு ஒரு வேன். ஒவ்வொன்றுக்கும் பிரேக். பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஓயாமல் ஹாரன் அடித்தது.

அடுத்த சிவப்பில் இறங்கி லாரிக்காரரிடம் ஓடினாள். "அண்ணே, வீட்டுக்காரருக்கு வயித்துல ஆபரேஷன். சட்டுனு நின்னா தையல் பிரிஞ்சிடும். கோவிச்சுக்காதீங்க."

"ரோட்டையே விலைக்கு வாங்கிட்டீங்களோன்னு நெனச்சேம்மா." குரல் இறங்கியது. "பாதி டேங்க் தண்ணியோட போற எனக்குத் தெரியாதா? லாரி நின்னாலும் தண்ணி நிக்காது, முன்னாடி வந்து இடிக்கும். நிக்கப்போற நேரத்துல பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துங்க, குலுங்காது. நான் பக்கத்துலயே வர்றேன். எவன் நுழையறான்னு பாப்போம்."

பச்சை விழுந்ததும் லாரி பக்கத்துத் தடத்துக்கு மாறி, காரை ஒட்டியே மெல்ல நகர்ந்தது. பின்னால் எத்தனையோ ஹாரன்கள். லாரிக்காரர் சன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பொறுங்கள் என்று காட்டிக்கொண்டே வந்தார்.

அடுத்த சிக்னலில் வேகம் சாகும் நேரம் பார்த்து பிரேக்கிலிருந்த காலைத் தளர்த்தினாள்.

"ஏன், இன்னும் நிக்கலையா?" என்றார் கணவர்.

"நின்னாச்சுங்க."

வீட்டுத் தெரு முனை வரை லாரி கூடவே வந்தது. அங்கே அது முன்னும் பின்னுமாக நகர்ந்து, வந்த வழியே திரும்பியபோதுதான் லாரிக்காரர் போகவேண்டிய திசை இதுவல்ல என்பது அவளுக்குத் தெரிந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையெடுத்து, போகும் லாரியைக் கும்பிட்டாள்.